அவ ஏன் அப்பாவுக்கு போன் போடல, டீச்சர்?

கேள்வி: உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பனையேறி ஒருவர் தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறார். பதினைந்து வயது மகள் யாழினி அவரைத் தேடிப் போகும்போது மணலில் ஒரு கதவு திறக்கிறது. உள்ளே நீலவனம் என்ற நாடு. அங்கே மணலை ஆளும் சக்தி அவளுக்குக் கிடைக்கிறது. ஆறு அத்தியாயம் முடித்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரிடம் கொடுத்தேன். ஆறு பேர் மூன்றாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி, “அவ ஏன் அப்பாவுக்கு போன் போடல, டீச்சர்?” என்றாள். மாயக்கதையில் வந்து போனைப் பற்றிக் கேட்கிறார்களே! மாயம் போதவில்லையா, கூடிவிட்டதா? எதார்த்தமாக இருக்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். மாயக்கதையில் எதார்த்தத்துக்கு எங்கே இடம்? பேச்சுவழக்கில் எழுதலாமா? சாவு, குடி எல்லாம் இந்த வயதுக்குச் சொல்லலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள். இளையோர் புத்தகங்களுக்கு இருபது வருடமாக எடிட்டர் வேலை பார்க்கிறேன். உங்கள் ஆறு அத்தியாயத்தையும் படித்துவிட்டு நானும் பக்க ஓரத்தில் என்னென்னவோ கிறுக்கி வைத்திருக்கிறேன். அவள் கேட்டதற்கு முன்னால் அதெல்லாம் நிற்காது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், பறக்கும் யானை ஒன்று வருகிற சிறுவர் நாவலைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினேன். அதில் ஓர் இடத்தில் ‘நள்ளிரவில் பௌர்ணமி நிலா உதித்தது’ என்று இருந்தது. புத்தகம் வந்து ஒரு மாதத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி போஸ்ட் கார்டு போட்டாள். பௌர்ணமி அன்று பொழுது சாயும்போதே நிலா வந்துவிடும், நடுச்சாமத்தில் உச்சியில் நிற்கும், எங்கள் மொட்டை மாடியில் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தாள். யானை பறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! யானையை அவள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டாள். நிலாவில் நாங்கள் ஏமாற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

உங்கள் வகுப்பில் நடந்ததும் இதுதான். மணலில் கதவு திறப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அப்பாவைக் காணோம் என்றால் வீட்டில் முதலில் எல்லாரும் செய்கிற காரியத்தை யாழினி செய்யவில்லை. அந்த நிமிடமே அவள் பொம்மையாகிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மணலை ஆண்டால் என்ன, கடலை ஆண்டால் என்ன.

‘தேரிக்குள் சிக்னல் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துச் சமாளிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அந்தப் போனையே கதைக்குள் கொண்டுவாருங்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் நீங்கள் எழுதியது இது:

‘யாழினியின் விழிகள் மின்னின. கரங்களை உயர்த்தினாள். செம்மணல் ஆயிரம் சூரியன்களாய் ஒளிர்ந்து சுழன்றெழுந்தது. “என் தந்தை எங்கே?” என்று கர்ஜித்தாள்.’

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் அதே இடத்தை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

‘அப்பா நம்பரைப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்லும் அந்தப் பொம்பளைக் குரல் வரும் என்று காத்திருந்தாள். மணி போனது. காதில் மட்டும் இல்லை, காலுக்கு அடியிலும். போன வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் அப்பா பதிவு பண்ணி வைத்த நையாண்டி மேளம், போர்வைக்குள் வாசிப்பதுபோல மணலுக்குள் கேட்டது. செருப்பைக் கழற்றினாள். உள்ளங்கால் அதிர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே சார்ஜ் இருபதுதான் இருந்தது. அவள்தான் பார்த்துச் சொன்னாள். “வந்து போடுதேன்” என்று அப்பா கிளம்பிவிட்டார். இன்றைக்கு ஞாயிறு. மேளம் நின்றது. தூரத்தில் அவர்கள் மரம் நிற்கிற பக்கம் ஒரு கலயம் விழுந்து உடைகிற சத்தம்.’

இதில் மாயம் எது? இருபது சதவீத சார்ஜ் ஐந்து நாள் தாங்கியது. அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. இருபது சதவீதம் ராத்திரி வரைக்குமே தாங்காது என்று தெரிந்ததால்தான் முதுகு சில்லிடும். எதார்த்தத்துக்கு எங்கே இடம் என்று கேட்டீர்களே, இங்கேதான். எல்லை எது என்று தெரிந்தவனுக்குத்தான் எல்லை மீறியது தெரியும்.

அப்புறம் நீலவனம். அங்கே நீலப் புல், பளிங்குக் கோட்டை, வெள்ளித் தாடிக் கிழவர், மந்திரக்கோல். இதெல்லாம் வெளியூர்ச் சினிமா செட்டிலிருந்து வந்த சாமான்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்கள் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்தில் இரும்புத்துரு ஏறிச் சிவந்த மணல், மேடு மேடாகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வருகிற காற்றில் நேற்று பதிந்த தடம் இன்றைக்கு இருக்காது. வேலியோரம் மணல் ஏறிக்கொண்டே வரும். முந்திரியும் பனையும் குடைபோல் விரிந்த உடைமரமும் இல்லாவிட்டால் அந்த மண் ஓர் இடத்தில் நிற்காது. அந்தச் செக்கச்சிவந்த காட்டுக்கு நடுவில், மேலப்புதுக்குடி அய்யனார் கோயில் பக்கம், ஒரு சுனை. வடக்கே போனால் கொற்கை. ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம், இன்று கடல் அதைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உங்கள் தேரிகளில் ஒன்றுக்குக் குதிரைமொழித் தேரி என்று பெயர். குதிரைமொழி! அந்தப் பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீலவனம் என்று ஒரு பெயரை எதற்குத் தேடிப்போனீர்கள் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர்போல் தெரிகிற கானலுக்குப் பழந்தமிழில் ‘பேய்த்தேர்’ என்று ஒரு பெயர் உண்டு. தேரியில் நடுப்பகலில் பேய்த்தேர் ஓடுகிறது. உங்கள் கதவு அதுதான். மணலில் துளை போட்டுக் கதவு வைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் தினமும் தெரிகிற, கிட்டப் போனால் விலகிப் போகிற கானல், ஒரே ஒரு நாள் விலகாமல் நின்றுவிட்டால் போதும்.

நாட்டையே மாற்றச் சொல்கிறேனே என்று மலைக்காதீர்கள். முழுக்கக் கற்பனை நாட்டில் நடக்கிற நல்ல மாயக்கதைகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே என்ன விளைகிறது, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கும் என்று ஒவ்வொன்றையும் நீங்களே கட்ட வேண்டும். உங்கள் நீலவனத்தில் ஆறு அத்தியாயமாக யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது பனைக்கு வருகிறேன். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். முதல் பக்கத்தில் ‘யாழினியின் தந்தை ஒரு பனையேறி’ என்று ஒரு வரி, அதற்கப்புறம் அந்தத் தொழில் கதையில் தலைகாட்டவே இல்லை. டீச்சர், உங்கள் கதைக்கு வேண்டிய கடிகாரம் அந்த மரத்தில்தான் தொங்குகிறது. பாளையைத் தினமும் காலையும் சாயங்காலமும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். சில நாள் சீவாமல் விட்டால் சீவிய வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அந்தப் பாளை அவ்வளவுதான். ஆக, அப்பா காணாமல் போன நாளிலிருந்து ஒவ்வொரு மரமாக வாய் மூடிக்கொண்டு வரும். கருப்பட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் வேறு இருக்கும். அம்மா அழுவாள், ஆனால் அழுதுகொண்டே மரத்தையும் எண்ணுவாள். மாமா பாதி மரம் ஏறிக் கொடுப்பார். மீதியை யார் ஏறுவது? பொம்பளைப் பிள்ளை மரம் ஏறினால் ஊர் என்ன சொல்லும்? மாயம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே உங்களிடம் ஒரு நாவல் இருக்கிறது, பார்த்தீர்களா.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்றே தெரியவில்லை. பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. சீசன் மங்குகிற நேரத்தில் தேரியில் காற்று எழும்பும். நடுவில் தேர்வு முடிவு, பதினொன்றில் எந்த குரூப் என்ற சண்டை. இதையெல்லாம் நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

சரி, மணலை ஆளும் சக்தி. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விலை போடுங்கள். இப்போது யாழினி கையைத் தூக்கினால் மணல் கேட்கிறது, மறுபடி தூக்கினால் மறுபடி கேட்கிறது. அப்படியென்றால் முதல் நாளே அப்பாவைக் கண்டுபிடித்துவிட வேண்டியதுதானே? மாயத்துக்கு விலை உண்டு என்று எழுத்துப் பயிற்சிகளில் எல்லாரும் சொல்வார்கள். உடனே மூக்கில் ரத்தம் வடிவதையும், மயங்கி விழுவதையும் எழுதிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு பக்கம் தாண்டினால் ரத்தம் நின்றுவிடும், வாசகருக்கும் மறந்துவிடும். அந்த வீடு எந்தக் காசில் ஓடுகிறதோ அந்தக் காசிலேயே விலையை வாங்குங்கள்.

மணலிடம் ஒருமுறை கேட்டால் ஒரு மரம் வற்றும். இதுதான் விதி என்று வையுங்கள். நான் எழுதிய துண்டில் கலயம் உடைந்தது அதற்குத்தான். அப்பாவுக்கு 30 மரம். நீங்கள் கணக்கு டீச்சர், கரும்பலகையில் எழுதிப் பார்த்துவிடலாம். விதி தெரியாமலே அவள் 4 தடவை கேட்டுவிடுகிறாள். தெரிந்த பிறகு, பயத்தில் ஒரு வாரம் கேட்பதில்லை. அப்புறம் ஒரே ராத்திரியில் 7. மீதி 19. அதில் மாமா சீவுகிற மரம் எத்தனை, கவனிப்பில்லாமல் தானாகவே அடைத்துக்கொண்டது எத்தனை? அப்பா திரும்பி வந்தாலும் ஏறுவதற்கு மரம் வேண்டாமா? புதிதாக ஒன்றை நட்டு வளர்க்கலாம் என்றால் பாளை விட அது பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். (ஆண் பனையா பெண் பனையா என்பதுகூடப் பாளை விடும்வரை தெரியாது. இதைக் கேட்டால் மாயம் என்பீர்களா, தாவரவியல் என்பீர்களா?)

இந்த விதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மரம் வற்றுவதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு நல்ல காரணம் இருக்கிறது: ஆள் இல்லை, சீவவில்லை, அடைத்துவிட்டது. அதனால் யாழினி செய்வதை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அம்மா மாமாவைத்தான் குறை சொல்வாள், ‘அவன் சரியாச் சீவல’ என்று. யாழினி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் சோறு தின்ன வேண்டும். பதினைந்து வயதில் மனதை அரிப்பது பூதமோ ராட்சசனோ இல்லை, நாம் செய்ததற்கு இன்னொருவர் ஏச்சு வாங்குவதுதான். உங்கள் எட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த அனுபவம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும்.

மாயத்துக்கு எவ்வளவு விளக்கம் என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். நாலாவது அத்தியாயத்தில் வெள்ளித் தாடிக்காரர் மூன்று பக்கம் பேசி மணலின் வரலாற்றைச் சொல்கிறார். மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டேன். விதி உங்கள் நோட்டில் இருக்கட்டும், ஒரு எழுத்து பிசகாமல். யாழினிக்கு அது உடைந்த கலயங்களிலிருந்து தெரிய வரட்டும். முதல் கலயம் உடைந்தால் காற்று என்று நினைப்பாள். இரண்டாவதுக்கு அணில், இல்லையென்றால் குரங்கு. மூன்றாவதில்தான் எண்ணத் தொடங்குவாள்.

சாவும் குடியும். சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் வகுப்பில் இருப்பவர்களுக்கு இரண்டும் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதைவிட, பெரியவர் குரலில் பாடம் எடுக்காமல் சொல்ல முடியுமா என்பதுதான் கஷ்டம். பனையிலேயே ஓர் உதாரணம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. யாழினி யாருக்கும் தெரியாமல் முதன்முதலாக மரம் ஏறுகிறாள். தோட்டத்துக் கடைசி மரத்தில் ஒரு கலயத்துக்குள் விரலை விட்டு நக்குகிறாள். புளிப்பு. கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையே இல்லை. அப்பா மறந்துவிட்டாரா? ஒரு மரத்தில் மட்டுமா மறப்பார்? அவ்வளவு உயரத்தில் தொங்கிக்கொண்டு, தன் அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. குடி கெட்டது என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை எழுதினீர்களானால் அடுத்த பஸ்ஸில் வந்து சண்டை போடுவேன். அவர் யாருக்காக அந்தக் கலயத்தைக் கட்டினார் என்பது கடைசிவரை தெரியாமல் போனாலும் பரவாயில்லை.

அப்பா உயிரோடு திரும்ப வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். திரும்பாவிட்டால் அதை ஏமாற்றாமல் எழுதுங்கள். ‘அவர் மணலில் கலந்து என்றும் நம்மோடு இருக்கிறார்’ என்று ஒரு கிழவி வந்து ஆறுதல் சொல்கிற முடிவு மட்டும் வேண்டாம். இழவு வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்கிற பொய் அது, பிள்ளைகள் அங்கேயே அதை நம்புவதில்லை.

சாமியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆறாவது அத்தியாயத்தில் மாடனைக் காவல்காரப் பூதமாக வைத்து, யாழினி அவரை மணலால் கட்டிப் போடுகிறாள். உங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவர் குலசாமி. வருடா வருடம் கொடைக்கு வரி கொடுக்கிற வீடுகள். வெளிநாட்டுக் கதையில் டிராகன் வருவதுபோல அவரை இழுத்துவர முடியாது. பயப்படச் சொல்லவில்லை, விவரமாகச் செய்யச் சொல்கிறேன். முடிந்தால் ஒரு கொடைக்குப் போய் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேளுங்கள். சாமி எந்த ஊர் வழியாக வந்தது, எங்கே தங்கியது, யாரிடம் என்ன கேட்டது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்கிற கிழவி, ‘ஆமா, அந்தப் புளியமரம்தான்’ என்பாள். எதார்த்தமான மாயக்கதைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மொழி பெரிய பிரச்சினை இல்லை. கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேசுவது உங்கள் ஊர்ப் பேச்சில். இப்போது யாழினி “தந்தையே” என்கிறாள். எந்த யாழினி அப்படிக் கூப்பிடுவாள்? ‘எப்பா’, ‘எம்மா’, ‘ஆச்சி’, ‘ஏட்டி’ எல்லாம் வரட்டும். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குப் புரியாதே என்று அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடாதீர்கள். இரண்டாவது தடவை வரும்போது புரிந்துகொள்வார்கள். புரியாத சொல் ஒன்றிரண்டு இருப்பது மாயக்கதைக்கு நல்லதுதான்.

முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுதுங்கள். அதில் மாயமே வர வேண்டாம். அந்தப் போன் ஒலிப்பதோடு இரண்டாவது அத்தியாயம் முடியட்டும். எழுதுவதற்கு முன்னால் வகுப்பில் பனையேறி வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் ஒரு நாள் காலையில் போய் உட்காருங்கள். பதநீர் பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவதையும், பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவதையும் பாருங்கள். யாழினியின் அம்மா பேசுகிற காட்சிகள் எல்லாம் அந்த அடுப்பு முன்னால்தான் நடக்கப் போகின்றன. அம்மாவின் கை சும்மா இருக்கக் கூடாது.

அங்கே போனால் எனக்காக ஒன்று விசாரியுங்கள். பாளையைச் சீவுவதற்கு முன்னால் இடுக்கி நசுக்குகிற அந்தக் கட்டைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் சொல்கிறார்கள். யாழினி அதை அப்பாவின் அரிவாள் பெட்டியிலிருந்து எடுக்கிற காட்சியில் ‘ஒரு மரக்கருவி’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயரோ அதைப் போட்டு அனுப்புங்கள்.